யாரோ ஒரு புள்ள

பிப்ரவரி 10, 2025 – திங்கள்

நாளை தைப்பூசம். திண்டுக்கல் முழுக்கப் பச்சை வேட்டியும் காவடியும்தான். பஸ் நகரவே இல்லை. பழனிக்கு நடந்து போகிறவர்கள் என் பஸ்ஸை முந்திக்கொண்டு போனார்கள். அதில் ஒரு பாட்டி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தாள். இரண்டு வருடமாக இதே வேடசந்தூர் பஸ், இதே கம்பி, இதே நிற்கிற இடம். இதழியல் படித்தால் உலகத்தைச் சுற்றலாம் என்று சேரும்போது சொன்னார்கள். நான் சுற்றியது பஸ் ஸ்டாண்டைத்தான்.

வகுப்பில் மணிமாறன் சார் நான் எழுதிய செய்தியைத் திருத்திக் கொடுத்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர், மாணவர்களையே 'ங்க' போட்டுத்தான் பேசுவார். தாள் முழுக்கச் சிவப்பு மையில் ஒரே கேள்வி: "இதை யாருங்க சொன்னது?" எல்லார் தாளிலும் அதே கேள்விதான். என் வகுப்புத் தோழி நர்கீஸ் அவருக்கு 'யாருங்க சார்' என்றே பெயர் வைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வரும்போது அம்மா மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இந்த வாரம் முழு நைட், விடிய விடிய வேலை. நான் உள்ளே வர, அவள் வெளியே போக, வாசலில் ஒரு "சாப்டியா?" அவ்வளவுதான் எங்கள் சந்திப்பு. மில் பஸ் ஊருக்குள் வராது. மெயின் ரோட்டு முக்கு வரைக்கும் இருட்டில் நடக்க வேண்டும்.

அண்ணன் அழகுராஜாவும் அதே மில்தான். டைம் ஆபீஸில் வருகை பதிகிற வேலை. சாப்பிடும்போது மறுபடி நினைவுபடுத்தினான். "ஏப்ரலோட படிப்பு முடியுது. மேயில பேங்க் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பிக்கிற. அதான் பேச்சு, மறந்துறாத." மறக்கவில்லை. மறக்கவிட்டால்தானே.

பிப்ரவரி 13 – வியாழன்

ஸ்டூடியோ தேர்வுக்கு ஆளுக்கொரு செய்தி அறிக்கை எழுத வேண்டும். எழுதி, நாமே கேமரா முன் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். துறையில் இருக்கிற ஒரே கேமராவை வைத்துக்கொண்டு நிஜச் செய்திக்கு ஊர் ஊராக ஓட முடியாது என்பதால், எப்போதும் இதற்குக் கற்பனைச் செய்திதான். "கற்பனை பண்ணுங்க. ஆனா நம்புற மாதிரி பண்ணுங்க" என்பார் சார். தொடக்கத்தில் 'மாணவர் பயிற்சி' என்று எழுதிய அட்டையைக் காட்டுவோம், முடிவில் அதையே வாயாலும் சொல்வோம்.

மல்லிகை விலை எழுதினேன். பள்ளிக்கு ஸ்மார்ட் வகுப்பறை எழுதினேன். சலிப்பாக வந்தது. அப்புறம் என்ன நினைத்தேனோ, ஒரே மூச்சில் இதை எழுதினேன்:

"வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளில் வரும் மார்ச் முதல் தேதியிலிருந்து பெண்களுக்கு முழு இரவுப் பணி கிடையாது. நள்ளிரவில் அரை இரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண்களை ஆலைப் பேருந்துகள் அவரவர் தெருவிலேயே இறக்கிவிடும்."

எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன். என்ன சுகமாக இருந்தது! கடவுள் மாதிரி ஒரு வரியில் அம்மாவைத் தூங்க வைத்துவிட்டேன்.

சார் படித்தார். முதல் தடவையாகச் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. "நல்லா வந்திருக்குதுங்க. பொய்னே தெரியலீங்க" என்றார்.

பிப்ரவரி 17 – திங்கள்

வாசித்துவிட்டேன். நர்கீஸ் கேமரா பிடித்தாள். அவளுடைய நீலத் துப்பட்டாவை எனக்குப் போட்டுவிட்டு, "மதி, நீ பொறந்ததே இந்த நாற்காலிக்குத்தான்டீ" என்றாள். திரையில் என்னைப் பார்த்தபோது எனக்கே அப்படித்தான் தோன்றியது. திமிர்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 19 – புதன்

மில் செய்தியை மட்டும் வெட்டி அம்மாவின் போனுக்கு அனுப்பினேன். முழு வீடியோ பெரிது, அவள் போனில் இறங்காது. "ம்மா, ஒன்னப் பத்தி வாசிச்சிருக்கேன் பாரு" என்று ஒரு குரல் செய்தியும் போட்டேன். பார்த்தாளா தெரியவில்லை.

பிப்ரவரி 22 – சனி

பார்த்துவிட்டாள்.

பார்த்தது மட்டுமில்லை. மில் பஸ்ஸில் ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் காட்டிவிட்டாள். அவர்கள் தங்கள் போனுக்கு வாங்கி, அவரவர் சொந்தக்காரர்களுக்கு அனுப்பி, அது எங்கே போய் நிற்கிறதோ. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "எம்புட்டு அழகா வாசிக்கிற! அவளுக நம்பல. எம் மகதான்டி வாசிக்கிறா, எம் மக வாசிச்சா பொய்யா இருக்குமான்னேன். அம்புட்டுப் பேரும் வாயடச்சுப் போயிட்டாளுக."

கோழிக்குழம்பு வைத்திருந்தாள். சனிக்கிழமையில் கோழி. "ம்மா, அது வந்து" என்று ஆரம்பித்தேன். அதற்குள் மேரியக்கா வந்துவிட்டாள். எதிர்த்த வீட்டு ஆனந்தமேரி, அம்மாவோடு ஒரே ஷிப்ட். புருஷன் இல்லை, இரவில் பார்க்க ஆள் இல்லை என்பதால் மகள் ரோஸியை நிலக்கோட்டையில் தன் அம்மா வீட்டில் விட்டு வைத்திருக்கிறாள்.

"பாப்பா, நீ நல்லா இருக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குப் போயி ரோஸியக் கூட்டியாரப் போறேன். இனி நைட்டுதான் இல்லையே."

நான் ஏன் அப்போதே சொல்லவில்லை? வாய் இருந்தது. பேசத்தான் படிக்கிறேன். சொல்லவில்லை. கோழிக்குழம்பைச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 23 – ஞாயிறு

ரோஸி வந்துவிட்டாள். தெருவில் கயிறு தாண்டிக்கொண்டிருக்கிறாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

பிப்ரவரி 25 – செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அம்மா தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பில் பஞ்சு. எப்போதும் பஞ்சுதான் வரும். எல்லாவற்றையும் சொன்னேன். அது படிப்புக்காக எழுதியது, யாரும் அப்படி அறிவிக்கவில்லை, நானாகக் கட்டியது.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "அண்ணன் சொல்லச் சொன்னானா?"

"இல்லம்மா."

"மில்லுக்காரன் அவனப் பிடிச்சு மெரட்டிருப்பான். அவன் ஒன்ன மெரட்டிருக்கான். எனக்குத் தெரியாதா? இந்த மாதிரி நல்லது எதையாச்சும் அவங்க லேசுல விட்டுக்குடுப்பாங்களா?"

முழு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அட்டையைக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "அட்டைல என்னத்தையாவது எழுதுவாக. நீ வாசிச்சத எங் காதால கேட்டேன்ல?" என்றாள். கடைசியில் நான் வாயாலேயே பயிற்சி என்று சொல்கிற இடம் வந்தது. "இது பெறகு ஒட்டுனது" என்றாள்.

பொய்யை நம்புகிறாள், உண்மையை நம்ப மாட்டேன் என்கிறாள். இரண்டையும் சொன்னது நான்தான். அந்தப் பொய்யை அவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறேன்.

பிப்ரவரி 28 – வெள்ளி

அம்மாவை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்து, சாயங்காலம் மெயின் ரோட்டு முக்குக்கே போய்விட்டேன். மில் பஸ்ஸுக்காக எங்கள் ஊர்ப் பெண்கள் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன். அது பொய், நாளைக்கு முழு நைட் இருக்கிறது, தயவுசெய்து வேலைக்குப் போய்விடுங்கள் என்று.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "நீ வந்து இப்பிடித்தான் சொல்லுவேன்னு ஒங்கம்மா முன்னாடியே சொல்லிருச்சு" என்றாள் மேரியக்கா. "பயப்படாத பாப்பா. ஒம் பேரு வராம பாத்துக்கிறோம்."

நுணலும் தன் வாயால் கெடும். நான் என் வாயால் ஊரையே கெடுக்கிறேன்.

மார்ச் 1 – சனி

பஸ் வந்தது. ஹாரன் அடித்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் ஒருத்தியும் முக்குக்குப் போகவில்லை. அம்மா வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து சீரியல் பார்த்தாள். ஹாரன் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டதோ என்னவோ.

மார்ச் 3 – திங்கள்

வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காலை ஷிப்டுக்குப் போனவர்களை மில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மறுபடி எப்போது வரலாம் என்று கேட்டதற்கு "டிவில சொல்லுவாங்க, கேட்டுக்கங்க" என்றானாம் வாட்ச்மேன்.

அம்மா திரும்பி வந்து தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். உள்ளே இருந்த சோற்றைத் தொடவே இல்லை. என்னைப் பார்த்தாள். இப்போது நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அண்ணன்தான் திட்டினான். "ஒனக்குப் படிப்பு என்ன மசுருக்கு? பொய் சொல்லவா பஸ் ஏறி அங்கிட்டுப் போற?" அப்பா முருங்கைத் தோட்டத்திலிருந்து வந்து நடுவில் நின்றார். இல்லாவிட்டால் அடி விழுந்திருக்கும்.

மார்ச் 5 – புதன்

விசாரணை. எல்லாப் பெண்களையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் சொன்னபடியே எழுதி வைக்கிறேன்.

மேனேஜர் தன் போனில் என் வீடியோவை ஓடவிட்டு மேஜை மேல் வைத்தாராம். "இந்தப் பொண்ணு யாரு? எந்த ஊரு? சொன்னா மத்தவங்க எல்லாரும் வேலைக்குத் திரும்பலாம்."

ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கேட்டார். "தெரியாதுங்கய்யா." "போன்ல வந்துச்சுங்கய்யா, ஆரு எவருன்னு தெரியாது." மேரியக்காவும் அதையேதான். வேலை போனால் ரோஸிக்குச் சோறு போட வழியில்லை என்று தெரிந்தும் அதையேதான். கடைசியாக அம்மா. போனைக் கையில் வாங்கி, கண்ணைச் சுருக்கி நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "யாரோ ஒரு புள்ள. எனக்குத் தெரியாது."

பிறகு மேனேஜர் அண்ணன் பக்கம் திரும்பினார். "அழகு, ஒனக்குத் தெரியுமா?"

அண்ணனும் தெரியாது என்றிருக்கிறான்.

"ஒனக்காகச் சொல்லல" என்றான் என்னிடம். "அம்மா அந்தப் போனப் பாத்துக்கிட்டு நின்ன நெலையப் பாத்தேன். அதுக்காகச் சொன்னேன்."

மார்ச் 6 – வியாழன்

காலையில் கிளம்பினேன். பல்கலைக்கழகத்துக்கு இல்லை, மில்லுக்கு. நான்தான் அது, இவர்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் தீரும் என்று நினைத்தேன்.

அம்மா வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எங்க போற?" என்றாள். சொன்னேன்.

"போ. போயிச் சொல்லு. அம்புட்டுப் பேரும் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்து ஒக்காந்திருக்கோம். ஒங்கண்ணனும் சொல்லிட்டான். நீ போயி நான்தான்னு நில்லு. இன்னைக்கு வரைக்கும் நாங்க ஏமாந்தவளுக. நாளைலருந்து பொய்யிக்காரிக. எதுன்னு நீயே சொல்லு."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். பொய் சொன்னேன், பிடித்துக்கொண்டது. உண்மையைச் சொல்லப் போனால் அதுவும் பிடித்துக்கொள்கிறது. எந்தப் பக்கம்தான் போவது? யாராவது சொல்லுங்களேன். எனக்காகப் பொய் சொல்லுன்னு நான் கேட்டேனா? கேக்கல. ஆனா அவங்க சொல்லலைன்னா என்ன ஆகியிருப்பேன், அதையும் யோசி.

மார்ச் 8 – சனி

இன்று மகளிர் தினம். மில்லில் எல்லாரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பெரிய மனசு பண்ணிக் கேக் வெட்டி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் டிபன் டப்பா கொடுத்தார்களாம். அதோடு இந்த மாதம் முழுக்க இவர்களுக்கு முழு நைட்தான் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அம்மா டப்பாவை அலமாரியின் உச்சித் தட்டில் போட்டாள். ரோஜா நிறம். அதைத் தொடவில்லை, தூக்கி எறியவும் இல்லை.

மார்ச் 9 – ஞாயிறு

ரோஸியை நிலக்கோட்டைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள் மேரியக்கா. போகும்போது பிள்ளை அழவில்லை, பழகிய பிள்ளை. திரும்பி வந்து மேரியக்காதான் வாசலில் உட்கார்ந்து அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "போ பாப்பா, போயிப் படி" என்றாள். கோபமாக இல்லை. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 12 – புதன்

சாரிடம் சொன்னேன். "மில்லுல பொம்பளைகள நிறுத்தி வச்சிருந்தாங்க சார்" என்று ஆரம்பித்ததுமே, பழக்கதோஷம், "யாருங்க சொன்னது?" என்றார்.

"எங்கம்மா சார்."

பிறகு எல்லாவற்றையும் கேட்டார். நெற்றியைத் தேய்த்தார். துறையின் பெயரில் ஒரு மறுப்பு வெளியிடலாம், இது மாணவர் பயிற்சி என்று அறிவித்துவிடலாம் என்றார். நான் கெஞ்சினேன். மறுப்பு போட்டால் எந்தத் துறை, எந்த மாணவி என்று ஒரு போனில் கண்டுபிடிப்பார்கள். மில் தொழிலாளி கண்ணம்மாளின் மகள்தான் நான் என்று தெரியும். சொன்ன அத்தனை 'தெரியாது'ம் சிக்கும்.

"திருத்தம் போடாத தப்புங்கறது வீட்டுக்குள்ள செத்த எலி மாதிரிங்க. கண்ணுக்குத் தெரியாது, நாத்தம் போகாது" என்றார். பிறகு, "பொய்னே தெரியலீன்னு உங்களப் பாராட்டுனவன் நானுங்க. அடுத்த வருசத்திலிருந்து இந்தக் கற்பனைச் செய்தியே வேண்டாமுங்க. மல்லிகை விலையா இருந்தாலும் மார்க்கெட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வரட்டும்" என்றார். மறுப்பு போடவில்லை. என்னை அந்த எலியோடு விட்டுவிட்டார்.

மார்ச் 16 – ஞாயிறு

அம்மா என்னிடம் பேசும் மொத்த வார்த்தை: சாப்டியா.

மார்ச் 20 – வியாழன்

திண்டுக்கல் நாகல் நகரில் உள்ளூர்ச் சேனல் நடத்தும் முனீர் பாய் துறைக்கு வந்தார். தினமும் சாயங்காலச் செய்தி தொடங்கப் போகிறாராம், வாசிக்க ஆள் வேண்டும். எங்கள் எல்லாரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முடிந்ததும் என்னைக் காட்டி, "இந்தப் புள்ளைதான். இது குரலுக்கு ஒரு நம்பிக்க வருது" என்றார்.

நம்பிக்கை! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"நம்ம சேனல் வேடசந்தூர் வரைக்கும் தெரியும்மா" என்றார் பெருமையாக.

மார்ச் 21 – வெள்ளி

அண்ணனிடம் சொன்னேன். அவன் கத்தவில்லை. "ஒம் மொகம் டிவில வந்துச்சுன்னா மறுநா எங்க ரெண்டு பேரு சீட்டும் கிழிஞ்சிரும். மத்தவளுகளும் போவாளுக. அவ்வளவுதான். நீயே பாத்துக்க" என்றான். பேங்க் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட ஆளில்லாத சிறை இது.

கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மார்ச் 24 – திங்கள்

நாகல் நகருக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "வாசிக்கல பாய். எழுதுறேன். எம் பேரு, மொகம் ரெண்டும் வேண்டாம்."

"எல்லாப் புள்ளைகளும் மொகத்தக் காட்டத்தான் வாரேங்குதுக. நீ என்னம்மா மறச்சுக்கிறேங்குற? வீட்ல ஏதும் பிரச்சினையா?"

"ஆமா பாய்." அதுவும் உண்மைதான். யாருடைய பிரச்சினை என்று அவர் கேட்கவில்லை.

வாசிக்க யார் என்றார். நர்கீஸின் பெயரைச் சொன்னேன். சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிட்டேன்.

மார்ச் 31 – திங்கள்

நர்கீஸ் வீட்டில் பெருநாள் பிரியாணி. நோன்பு மாதம் முழுக்க அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. அல்லது நான் பேசவில்லை. மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நான் வாசிக்க எங்க அத்தா சரின்னுட்டாரு. ஆனா உன் எடத்துல நான் உக்கார மாட்டேன் மதி."

"நான் எழுதுனத வேற யாரோ வாசிக்கிறதுக்கு நீ வாசி" என்றேன். அழுதாள். நானும் அழுதேன். அவள் எனக்காக அழுதாள். நான் பொறாமையில் அழுதேன். அவளிடம் சொல்லவில்லை, இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஏப்ரல் 16 – புதன்

முதல் செய்தி அறிக்கை. நர்கீஸ் அதே நீலத் துப்பட்டா. என் வாக்கியம் அவள் வாயில். நன்றாகவே வாசித்தாள், சனியன்.

ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் யார் சொன்னது என்று எழுதி வைக்கிறேன். யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

ஏப்ரல் 22 – செவ்வாய்

வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நம் சேனல். அம்மா கிளம்புவதற்கு முன்னால் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் டிவியை அணைத்துவிட்டாள்.

ஏப்ரல் 29 – செவ்வாய்

கூட்டுக்குடிநீர்க் குழாயில் உடைப்பு. நாளையும் நாளை மறுநாளும் வேடசந்தூர் பக்கத்துக் கிராமங்களுக்குத் தண்ணீர் வராது. முதலில் தண்ணீர் திறந்துவிடும் ஆபரேட்டர் சொன்னார். பொறியாளருக்குப் போன் போட்டேன். அது போதாமல் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்க் குழி தோண்டுவதைக் கண்ணால் பார்த்தேன். குழிக்குள் நின்றவர், "ரெண்டு நாளைக்கு ஒரு சொட்டு வராது தாயி" என்றார். எழுதினேன். நர்கீஸ் வாசித்தாள்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலில் நின்றாள்.

"தண்ணி வராதுன்னு சொன்னது நீ எழுதுனதா?"

"ஆமா."

"நெசந்தானா?"

"நெசம். குழியப் பாத்துட்டு வந்தேன்."

என் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். வீடு வீடாகக் குரல் கேட்டது. "நாளைக்கும் மறுநாளும் தண்ணி வராதாம். இருக்குற குடம், அண்டா எல்லாத்துலயும் அடிபம்புல பிடிச்சு வச்சுக்கங்கடி."

"யாரு சொன்னா?" என்று ஒருத்தி கேட்டாள். மேரியக்கா குரல்தான்.

"செய்தில சொன்னாங்க" என்றாள் அம்மா.

ஏப்ரல் 30 – புதன்

நேற்று ராத்திரி முழுக்கப் பயம். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை நாளைக்குத்தான். உடைப்பைச் சீக்கிரம் சரிசெய்துவிட்டால்? தண்ணீர் வந்துவிட்டால்? நல்ல காரியம் நடந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிற முதல் நிருபர் நானாகத்தான் இருப்பேன். பொறியாளருக்கு மறுபடி போன் போட்டேன். "ஏம்மா, நேத்தே சொன்னேனே" என்று எரிந்து விழுந்தார். எவ்வளவு நிம்மதி.

மே 1 – வியாழன்

மில் லீவு. அம்மா வீட்டில் இருந்தாள்.

தண்ணீர் வருகிற நேரத்துக்குத் தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பிடித்து வைத்தவர்கள், வைக்காதவர்கள், எல்லாரும் எங்கள் வீட்டுக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் நிலைப்படிக்கு உள்ளேயே நின்றேன். வெளியே வர முடியவில்லை.

அம்மா சேலையைச் சொருகிக்கொண்டு போய்க் குழாயைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. ஒரு துருத் துளி விழுந்தது. இன்னும் திருகினாள். ஒன்றுமில்லை.

"வரல" என்றாள். தெரு முழுக்கக் கேட்கும்படி, ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி.

மேரியக்கா நிறைந்த அண்டாவைத் தட்டிக்காட்டினாள். "நான் முந்தாநாளே பிடிச்சு வச்சுட்டேன்க்கா. அந்தச் செய்திய எழுதுன புள்ள யாரு? ஒங்களுக்குத் தெரியுமா?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். ரெண்டு மாசத்துக்கு அப்புறம் நேரா என் மொகத்தப் பாத்தா. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"யாரோ ஒரு புள்ள" என்றாள். "எனக்குத் தெரியாது."

அம்புட்டுப் பேரும் சிரித்தார்கள்.